நூலகப் பயிற்சியும் படவில்லைக் காட்சியும்



நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் நூலகம் என்றோர் அறை உண்டு. அதைப் பயன்படுத்தும் முறையைக் கற்பிக்கும் பாடவேளை மட்டும் அரிது. அலமாரியைக் காட்டி, "தேடி எடுத்துக்கொள்" என்று மாணவனிடம் சொல்லிவிடுகிறோம். எப்படித் தேடுவது என்பதைச் சொல்வதில்லை.

இந்தக் குறையை நீக்கப் படவில்லைக் காட்சி நன்கு உதவும். முன்னாளில் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து விளக்கொளியால் காட்டிய படவில்லை, இன்று கணிப்பொறியின் வாயிலாகத் திரையில் தோன்றுகிறது. நூலின் முதுகில் ஒட்டிய சிறு சீட்டை நாற்பது பிள்ளைகள் சூழ்ந்து நின்று பார்த்தல் இயலாது. திரையிலோ அதன் ஒவ்வோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். டியூயி தசம முறையில் 800 இலக்கியத்தைக் குறிக்கும், தமிழிலக்கியம் 894.811 என்னும் எண்ணில் அமையும். எண் நீள நீளப் பொருள் குறுகி வருவதைப் படிப்படியாகத் திரையில் காட்டலாம்.

இத்துறையில் நமக்குப் பெருமை சேர்த்தவர், 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள். கணிதப் பேராசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பின்னர்த் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் நூலகவியல் கற்பித்தார். லண்டன் கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டபோது, சில துண்டுகளைப் பலவாறு இணைப்பது போலவே பொருட்கூறுகளையும் இணைத்து நூல்களை வகைப்படுத்தலாம் என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. அதன் விளைவே 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை. மெக்கானோவின் படம் ஒன்றைத் திரையிட்டால் போதும்; பிள்ளைகள் கருத்தைப் பற்றிக்கொள்வார்கள்.

வெளி மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகளுக்குத் தனியே ஓர் இடர் உண்டு. உடன் பயிலும் சர்மாவுக்கும் முகர்ஜிக்கும் பெயரின் கடைசிச் சொல்லே அட்டவணையில் முதலில் நிற்கும். தமிழர் பெயரிலோ முன்னெழுத்து ஊரையோ தந்தையையோ குறிப்பது, தேடவேண்டியது இயற்பெயரை. இது தெரியாதவர் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு பதிவுசெய்துவிட்டால், நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததாகிவிடும். புனைபெயர் சேர்ந்தால் குழப்பம் இரட்டிக்கும்: 'கல்கி' என்று தேடுவதா, கிருஷ்ணமூர்த்தி என்று தேடுவதா? ரோமன் எழுத்தோ இன்னும் பொல்லாதது. திருக்குறளின் முதலெழுத்தை 'டி' என்று மட்டும் எழுதுவாரும் உளர். 'எச்' சேர்த்து எழுதுவாரும் உளர். நம் 'ழ'கரம் படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம்! ஒரு நூலின் பெயரை இத்தனை வடிவங்களிலும் ஒரே படவில்லையில் அடுக்கிக் காட்டி, "ஒன்றில் கிடைக்காவிடில் மற்றொன்றில் தேடு" என்று பழக்கவேண்டும். இல்லையேல், தன் மொழி நூல்கள் இந்நகரில் இல்லவே இல்லை என்று நம் குழந்தை முடிவு கட்டிவிடும்.

தேடிக் கண்டதை ஆராயவும் பழக்கவேண்டும். ஒரு நூல் சென்னை ராஜ்யம் என்கிறது. மற்றொன்று தமிழ்நாடு என்கிறது. எது சரி? இரண்டின் பதிப்பு விவரப் பக்கங்களையும் அருகருகே திரையிடுங்கள். முதல் நூல் 1958இல் அச்சானது, மற்றது 1972இல் அச்சானது என்றால், 1969இல் பெயர் மாறியதை மாணவன் தானே கண்டுபிடிப்பான். ஆண்டைப் பார்க்காமல் எதையும் எடுத்தாளக் கூடாது என்று அதன்பின் அவனுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

ஆனால், படவில்லையில் பத்தி பத்தியாக எழுதி ஆசிரியர் அதையே உரக்கப் படிப்பதும், பிள்ளைகள் பார்த்து எழுதுவதும் வீண் வேலை. ஒரு பாடவேளைக்கு ஐந்து படவில்லைகளே மிகுதி என்பது என் கருத்து. ஒன்றைக் காட்டியதும் விளக்கைப் போட்டு, பிள்ளைகளை அலமாரிக்கு அனுப்பிவிட வேண்டும். படங்களும் எங்கிருந்தோ வந்தவையாக இராமல், அந்தப் பள்ளி நூலகத்தின் அலமாரியையும் சீட்டையுமே எடுத்தவையாக இருத்தல் நலம்.

பள்ளியில் தமிழ் நூல் இல்லாத ஊர்களில், தமிழ்ச் சங்க நூலகத்தை வைத்தே இதைச் செய்யலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் துணைபுரியும். அதன் தேடு பக்கத்தையே முதற்படமாக வைத்துக்கொள்ளலாம்.