ஸ்டெதாஸ்கோப்பை மாட்டுவது எங்கே?

நடுவர் அவர்களே! நானும் டாக்டர்தான், ஊசி போடத் தெரியாத தமிழ் டாக்டர்! "ஸ்கேன் இருக்கும்போது மருத்துவ மாணவனுக்குப் பேச்சுப் பயிற்சி எதற்கு?" என்று கேட்டார் எதிரணி நண்பர்.

எங்க போடிநாயக்கனூர்ல விடியுமுன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போறவர் ஒருத்தர். "தலை கிறுகிறுன்னு வருதுய்யா, வாந்தியா வருது" என்று வந்தார்.

"மருந்து ஏதாச்சும் எடுத்தீங்களா?"

"எடுக்கலைய்யா, அடிச்சேன்!"

நீங்க சிரிக்கிறீங்க. அந்த இளம் டாக்டர் சிரிக்கவில்லை. "என்ன வேலைய்யா பாக்குறீங்க?" என்றார். மலையில் 'மருந்து' என்றால் ஏலச்செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து! விஷமுறிவு சிகிச்சை உடனே தொடங்கியது, ஆள் பிழைத்தார். அந்த ஒரு கேள்வி இல்லையென்றால்? குடிமயக்கம் என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்!

1975-இல் இங்கிலாந்தில் 80 புதிய நோயாளிகளை ஆராய்ந்தார்கள். அனுப்பிய மருத்துவரின் கடிதத்தைப் படித்து, நோயாளி சொன்னதைக் கேட்டு, 66 பேருக்குக் கணித்த நோயே கடைசியிலும் உறுதியானது. சோதனைகள் பிறகுதான்! 2019 முதல் நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் நோயாளியோடு பேசும் பயிற்சி உண்டு.

நடுவர் அவர்களே, ஸ்டெதாஸ்கோப்பை எங்கே மாட்டுகிறார்கள்? காதில்தானே! கருவிக்கும் காதுதான் வேண்டும். தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள்.