மும்மொழிக் கல்லின் முன்னே



நூதனசாலை என்றதும் பலருடைய நினைவுக்கு வருவன கண்ணாடிப் பெட்டிகளும், அவற்றை விரைந்து கடந்து செல்லும் மாணவர் வரிசையுமே. ஒரு மணி நேரத்தில் நூறு பொருள்களைக் கண்டுவிட்டோம் என மாணவர் மகிழ்வர். ஆயினும், ஒரு பொருளையேனும் அறிந்து மீண்டனரா என்பதே ஆசிரியர் கேட்கவேண்டிய கேள்வி. ஆதலின், கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ள ஒரேயொரு கல்லைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகின்றேன்.

சேர் வில்லியம் கிரகெறி தேசாதிபதியாயிருந்த காலத்தில், 1877ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி திறக்கப்பெற்றது இந்நூதனசாலை. கண்டி மன்னரின் சிம்மாசனமும் முடியும், பொலனறுவைச் சிவாலயங்களிற் கிடைத்த திருமேனிகளும் இங்கே உள்ளன. அவற்றைக் காணக் கூடுவோரிற் சிலரே இக்கல்லின் முன் நிற்கின்றனர். ஏறத்தாழ ஐந்தடி உயரமும் இரண்டரையடி அகலமும் உடைய கற்பலகை அது. உச்சியில் சீனத்து டிராகன் உருவங்கள் இரண்டு எதிரெதிரே செதுக்கப்பட்டுள்ளன. ஒரு பாதியில் சீன எழுத்து. மறுபாதியில் மேலே தமிழ், கீழே பாரசீகம்.

என் மாணவரிடம் எப்பொருளைக் கண்டாலும் மூன்று வினாக்களை எழுப்புமாறு சொல்வதுண்டு. செய்தவர் யார்? யாருக்காகச் செய்தனர்? இங்கே வந்த வகை யாது?

முதல் வினாவுக்கு விடை, சீன நாட்டு மிங் வமிசத்துப் பேரரசர் யொங்லே என்பது. 1409ஆம் ஆண்டுக்குரிய இக்கல் சீனத்திலேயே பொறிக்கப்பட்டு, கடற்றளபதி செங் ஹேயின் கப்பலில் இலங்கைக்கு வந்தது.

இரண்டாம் வினாவுக்கு விடைதான் நம்மை வியப்பிலாழ்த்துவது. சீனப் பகுதி புத்தபிரானைப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயினாரை, அதாவது தேவேந்திரமுனையிற் கோயில்கொண்டிருந்த திருமாலைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகின்றது. காணிக்கைகளோ பெரும்பாலும் ஒத்தவை: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, நறுமண எண்ணெய் முதலியன. ஒருவருக்கு மிகையாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் கொடுக்க அவ்வரசர் எண்ணவில்லை போலும்!

தமிழும் பாரசீகமும் இந்துமாக்கடற் துறைமுகங்களில் வணிகர் வழங்கிய மொழிகள். அதனாலேயே அவை இக்கல்லில் இடம்பெற்றன எனலாம். சிங்களம் இதில் இல்லை. ஆயினும், அது குறித்து எவரும் தருக்கவேண்டியதுமில்லை, வருந்தவேண்டியதுமில்லை. துறைமுகத்துக்கு வருவோரை நோக்கியது இக்கல். இன்னொன்றையும் மறைத்தலாகாது. காணிக்கை கொணர்ந்த அதே செங் ஹே, 1411ஆம் ஆண்டளவில் இத்தீவின் ஆட்சியாளர் ஒருவருடன் பொருது, அவரைச் சிறைப்படுத்திச் சீனத்துக்குக் கொண்டுசென்றார். கல் சொல்வதும் வரலாறு. சொல்லாது விடுவதும் வரலாறே.

மூன்றாம் வினாவுக்கு வருவோம். 1911ஆம் ஆண்டில் காலி நகரத்திலே, தெருவோரத்து மதகொன்றை மூடும் கல்லாக இது கிடந்தது. பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். எழுத்துள்ள பக்கம் கீழ்நோக்கிக் கிடந்தமையால், மேலே சென்ற கால்களும் சில்லுகளும் அதனைத் தேய்க்கவில்லை. பாரசீகப் பகுதியே மிகுதியாகச் சிதைந்துள்ளது. தேவேந்திரமுனைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588ஆம் ஆண்டில் அழித்தனர். அக்கோயிலின் பெருமைக்குச் சான்றுரைக்கும் கல், மதகின் அடியில் நாவடங்கிக் கிடந்து, மீண்டும் பேசத் தொடங்கியது.

நேயர்களே, அதனை மதகுக்கு இட்டவர் பகைவர் அல்லர், அருமை அறியாதவர். அத்தகைய அறியாமை நம் ஊர்களிலும் இல்லையா? ஆடை துவைக்கும் கல்லிலும், கிணற்றங்கரைத் தூணிலும், செல்லரிக்கும் ஏட்டுச் சுவடியிலும் எவருடைய குரல் அடங்கிக் கிடக்கின்றதோ! ஐயத்துக்குரிய பொருளைக் கண்டால் உடைக்காது, விற்காது, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். விடுமுறையிற் பிள்ளைகளை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். நூறு பொருள்களைக் காட்டவேண்டுமென்பதில்லை. ஒன்றின் முன் நிறுத்தி, அம்மூன்று வினாக்களையும் கேட்கவிடுங்கள். தம் மொழியும் அயலார் மொழியும் ஒரே கல்லிற் பக்கம் பக்கமாய் நிற்பதைக் கண்ட பிள்ளை, அதனை எளிதில் மறவாது.