நிழல் விழும் பக்கம் கமரா: கரைத்தீவுக் கரையில் ட்ரோன் படப்பிடிப்பு

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டுக் காணொளிக்காகக் கரைத்தீவுக் கரையைப் படம்பிடிக்கும் பொறுப்பைச் சங்கம் என்னிடம் தந்திருந்தது. அந்த வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இன்று நம்மில் பலருடைய வீட்டில் ட்ரோன் இருக்கிறது. சிலர் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். சிலர் கலியாண வீடுகளில் படமெடுப்பதைத் தொழிலாகவே செய்கிறீர்கள். ஆகவே உங்களுக்கும் பயன்படக்கூடிய ஒரேயொரு விடயத்தை எடுத்துக்கொள்கிறேன். வெயில் கமராவுக்குள் விழுந்து படத்தைக் கெடுப்பதை ஆங்கிலத்தில் 'லென்ஸ் ஃபிளேயர்' என்கிறார்கள். அதைச் சமாளிப்பது எப்படி என்பதுதான் என் பேச்சு. கேட்கச் சின்ன விடயம்தான். ஆனால் கரைத்தீவில் அது ஊரின் மரியாதை சம்பந்தப்பட்ட விடயமாகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்குக் கரைத்தீவு என்றதும் விபுலானந்த அடிகள் பிறந்த கிழக்குக் கரையின் கரைத்தீவு நினைவுக்கு வரலாம். யாழ்ப்பாணத்தாருக்கு, இன்று காரைநகர் எனப்படும் ஊரின் பழைய பெயர் நினைவுக்கு வரலாம். நான் சொல்வது நமது புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவை. மேற்கே களப்பு, களப்புக்கு அப்பால் கற்பிட்டிக் குடாநாடு. வடக்கே போனால் கலா ஓயா களப்பில் விழும் கங்கேவாடியவும், நாட்டின் பெரிய கண்டற்காடுகளில் ஒன்றும், அதற்கப்பால் வில்பத்துக் காடும். ஊர் கிழக்கே, தண்ணீர் மேற்கே. இந்தத் திசைக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் பாதி அதில்தான் இருக்கிறது.

இனிக் கொஞ்சம் பௌதிகம். பயப்பட வேண்டாம், சாதாரண தரத்துக்கு மேலே போகமாட்டேன். கமராவின் வில்லை ஒரே கண்ணாடித் துண்டு அன்று. பல துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டவை. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடி முகத்திலும் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதம் தெறித்துத் திரும்பும். ஐந்து துண்டு என்றால் பத்து முகம். 100 பங்கு ஒளி உள்ளே போனால் 66 பங்குதான் நேரே போய்ச் சேரும். மீதியில் ஒரு பகுதி வந்த வழியே வெளியேறும். மற்றப் பகுதி கண்ணாடிகளுக்கிடையே முன்னும் பின்னும் தெறித்து, போகக்கூடாத இடத்தில் போய் விழும். அதுதான் ஃபிளேயர். சில நேரம் அது படத்தின் நடுவை ஊடறுத்து வரிசையாக நிற்கும் வட்டப் பொட்டுகளாகத் தெரியும். சில நேரம் பால் ஊற்றினாற்போல் படம் முழுவதும் வெளுத்து, கறுப்பெல்லாம் சாம்பல் நிறமாகும். இந்த இரண்டாவது வகைதான் பொல்லாதது. சூரியன் படத்துக்குள் தெரியாமல் ஓரத்துக்குச் சற்று வெளியே நின்றாலும் அது வரும். காரணம் தெரியாமல் பலர் கமராவைக் குறை சொல்வது இதனால்தான்.

இந்தத் தெறிப்பைக் குறைக்கக் கண்ணாடிக்கு மெல்லிய பூச்சுப் பூசுகிறார்கள். ஜேர்மனியில் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935இல் அதற்கொரு முறையைக் கண்டுபிடித்தார். பெண்கள் பாடசாலை மேடையில் நின்று சொல்லவேண்டிய பெயர் இன்னொன்று: கதரின் புளொஜெட். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண் அவர். ஆண்டு 1926. ஒரு மூலக்கூறு தடிப்பே கொண்ட படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக 44 தடவை ஏற்றி, ஏறக்குறைய தெறிப்பே இல்லாத கண்ணாடியை 1938இல் செய்து காட்டினார். அவருடைய படலம் துடைத்தால் போய்விடும் மென்மையானது. கடினமான பூச்சுகள் பிறகு வந்தன. நமது கைபேசியிலும் ட்ரோனிலும் உள்ள வில்லைகளில் ஊதாவும் பச்சையுமாய் ஒரு மினுக்கம் தெரிகிறதே, அது இந்த வகைப் பூச்சின் அடையாளம்.

அப்படியானால் ஃபிளேயர் ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. சூரியன் அவ்வளவு பிரகாசமானது. அதிலிருந்து தெறிக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கும் படத்தில் தெரியும். அதிலும் ட்ரோனுக்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு. கையிலுள்ள கமராவென்றால் வெயிலுக்குக் கையைக் குடை பிடிக்கலாம். வானத்தில் நிற்பதற்கு யார் குடை பிடிப்பது? சூரியன் முன்னாலும் உயரத்திலும் நின்றால் சுழலும் விசிறிகளின் நிழல் வில்லையில் விழுந்து, படத்தில் வரிவரியாகத் துடிக்கும். இங்கே இன்னொன்றும் சேர்கிறது: உப்புக் காற்று. களப்போரம் பத்து நிமிடம் பறந்துவிட்டு இறங்கினால் கண்ணாடியில் மெல்லிய உப்புப் படை பிடித்திருக்கும். அந்தப் படையில் வெயில் பட்டால் எந்தப் பூச்சும் உதவாது.

இவற்றுக்கெல்லாம் கைவைத்தியம் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஏற்றுவதற்கு முன்பும் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் வில்லையைத் துடையுங்கள். முந்தானை வேண்டாம், அது கீறும். வில்லைக்கு முன்னால் மாட்டும் வடிகண்ணாடி ஒவ்வொன்றும் இன்னும் இரண்டு முகங்களைச் சேர்க்கிறது. மலிவானதை மாட்டினால் ஒரு சூரியன் இரண்டாகத் தெரியும். தேவையில்லாவிட்டால் கழற்றிவிடுங்கள். விசிறி நிழல் துடித்தால் கமராவைச் சற்றுக் கீழே சாயுங்கள், அல்லது ட்ரோனைக் கொஞ்சம் திருப்புங்கள். வேகமாக முன்னே பறக்கும்போது ட்ரோன் மூக்கைக் குத்திக்கொண்டு போவதால் முன் விசிறிகள் கமராவுக்கு அருகே வரும். மெதுவாகப் பறந்தால், அல்லது பின்னோக்கிப் பறந்தால் அவை விலகிவிடும்.

கீழே சாய்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கவேண்டாம். நிலத்தின் மேல் அது சரி. தண்ணீரின் மேல், உப்பளத்தின் மேல் சரிவராது. சூரியன் அடிவானத்துக்கு எவ்வளவு மேலே நிற்கிறதோ, அமைதியான தண்ணீரில் அதன் பிம்பம் அவ்வளவு கீழே நிற்கும். பின்னேரம் நான்கரை மணிக்கு மேற்கே பார்த்துக் கமராவைச் சாய்த்தால், மேலே இருந்த சூரியனிடமிருந்து தப்பிக் கீழே இருக்கும் சூரியனிடம் போய் விழுவீர்கள். புத்தளத்துப் பாத்திகளில் உப்பு விளையும் நாட்களில் இது இன்னும் கடுமை.

இப்போது முதலில் சொன்ன திசைக் கணக்குக்கு வருகிறேன். நம் ஊர்க் கரைகளில் எல்லோருக்கும் ஆசை அந்திப் பொழுதின் மீதுதான். பொன்னிற ஒளி, களப்பில் தோணி, கண்டல் மரங்களின் கறுப்பு நிழலுரு. ஆனால் அந்நேரம் சூரியன் மேற்கே, நாம் எடுக்க வேண்டிய களப்பும் மேற்கே. கமரா நேரே வெயிலைப் பார்க்கும், ஃபிளேயர் வரும். அப்போது கைநூல்கள் எல்லாம் சொல்லும் புத்தி ஒன்றுதான்: சூரியனுக்கு முதுகைக் காட்டுங்கள்.

கரைத்தீவில் பின்னேரம் சூரியனுக்கு முதுகைக் காட்டினால் கமரா எதைப் பார்க்கும்? ஊரைப் பார்க்கும். வீட்டு முற்றங்களைப் பார்க்கும். பின்னேரம் பெண்கள் முற்றத்துக்கு வரும் நேரம். காயப்போட்ட கருவாட்டை அள்ளுவார்கள், கிணற்றடியில் குளிப்பார்கள், தலையை அவிழ்த்து உலர்த்துவார்கள். கிடுகு வேலியை அவர்கள் எதற்காகக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று இங்கே இருக்கும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த வேலி ஆறடி. ட்ரோன் நூறடியில் நிற்கிறது. வேலிக்கு மேலே கண் வைத்துவிட்டு, வெயிலைத் தவிர்க்கத்தான் திரும்பினேன் என்று சொன்னால் எந்த வீட்டாரும் ஏற்கமாட்டார்கள். ஏற்கவும் வேண்டியதில்லை.

அந்த ஊரில் ஒரு தாயார் என்னிடம் சொன்னார்: "மகள், நீங்க கடலப் படம் புடிங்க. எங்களப் புடிக்கிறெண்டா வாசலால வந்து கேளுங்க." ட்ரோன் ஓட்டும் எல்லோரும் படிக்கவேண்டிய சட்டம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. அரசாங்கச் சட்டமும் உண்டுதான். சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளைப் பார்த்து, பதிவையும் அனுமதியையும் முடித்துக்கொண்டே பறக்கவேண்டும். வில்பத்துக்குள் பறப்பதற்கு வனஜீவராசிகள் திணைக்களத்தைக் கேட்கவேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் நாடு முழுவதும் ட்ரோன் பறப்பது தடைசெய்யப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். தலைக்கு மேல் ஒரு சத்தம் கேட்டால் நம் சனங்கள் ஏன் அண்ணாந்து பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். அதிகார சபையின் கடிதம் கையில் இருந்தாலும் அந்தத் தாயாரின் வாசலைத் தாண்டிப் போக முடியாது.

ஆகவே நாங்கள் நேரத்தை மாற்றினோம். காலை ஏழரை மணியிலிருந்து ஒன்பதரை மணிக்குள் படமெடுத்தோம். அப்போது சூரியன் கிழக்கே, ஊருக்குப் பின்னால். கரையில் நின்று களப்பைப் பார்த்தால் வெயில் நம் முதுகில். கமரா மேற்கே பார்க்கும். ஃபிளேயர் இல்லை. தண்ணீரின் பளபளப்பும் நமக்குப் பின்னால் போய்விடுவதால், ஆழங்குறைந்த இடத்தில் அடியிலுள்ள கடற்புல்கூடத் தெரிகிறது. கண்டல் இலைகளில் நேர் வெளிச்சம் விழுந்து, எங்கே மரம் அடர்ந்திருக்கிறது, எங்கே வெட்டவெளி என்று எண்ணிப் பார்க்கலாம். காற்றும் பெரும்பாலும் அந்நேரம் தணிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, கமரா ஒரு தடவையும் வீடுகளின் பக்கம் திரும்பவேண்டி வரவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் மீனவர்களுக்கும் முதல்நாளே நேரத்தைச் சொல்லிவைத்தோம். படத்துக்கு எது நல்ல நேரமோ அதுவே ஊருக்கும் நல்ல நேரமாக அமைந்தது.

நீங்கள் கேட்கலாம், அழகான ஃபிளேயர் இல்லையா என்று. இருக்கிறது. 1950இல் வந்த குரோசாவாவின் 'ரஷோமோன்' படத்தில் ஒளிப்பதிவாளர் கசுவோ மியாகாவா, காட்டு மரங்களினூடே கமராவை நேரே சூரியனை நோக்கித் திருப்பினார். அது இன்றும் பேசப்படுகிறது. கலியாண வீட்டுப் படத்தில் மணமகளின் முக்காட்டோரம் ஒரு வெயில் கீற்று விழுந்தால் அதுவும் அழகுதான், வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எடுத்தது வேறு வகை. இறால் பண்ணைகளுக்காக இந்த மாவட்டத்தில் எவ்வளவு கண்டற்காடு அழிந்தது என்பதை எங்கள் தலைமுறை கண்டிருக்கிறது. ஆனால் அழிவதற்கு முன் அது எப்படி இருந்தது என்று காட்ட நம்மிடம் எத்தனை படம் இருக்கிறது? இந்தப் பாடசாலையின் 150ஆவது ஆண்டில் ஒரு பிள்ளை நம் காணொளியைப் போட்டு, மரவரிசை எங்கே நின்றது, கரை எங்கே இருந்தது என்று பார்க்கவேண்டும். அந்த இடத்தில் வெளுத்த புகைமூட்டம் மட்டும் இருந்தால், வெயில் படுவதற்கு முன்பு அங்கே என்ன இருந்தது என்று கணினியால் சொல்ல முடியாது. பதிவாகாததை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

எல்லா ஊருக்கும் பொருந்தும் விதியாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ட்ரோனை ஏற்றுமுன் உங்கள் சொந்த நிழலைப் பாருங்கள். நிழல் விழும் பக்கம் கமரா பார்க்கலாம். அதற்கு இருபுறமும் கொஞ்சம் திரும்பலாம். அதற்கு எதிர்ப்பக்கம் ஆகாது. பிறகு இரண்டாவது கேள்வி: நிழல் விழும் பக்கத்தில் யாருடைய வீடு இருக்கிறது? வீடு இருந்தால் நேரத்தை மாற்றுங்கள். கிழக்கிலங்கைக் கரைத்தீவில் கடல் கிழக்கே என்பதால், கடலை எடுக்க அங்கே பின்னேரம்தான் சரி. பெயர் ஒன்று, நேரம் எதிரெதிர். லண்டனில் இருக்கும் அக்காமாருக்கு, மார்கழியில் நடுப்பகலிலும் சூரியன் ஏறக்குறைய 15 பாகை உயரத்துக்கே ஏறுகிறது. தெற்கே பார்த்தால் நாள் முழுவதும் ஃபிளேயர்தான், வடக்கே பாருங்கள். மெல்பேர்னில் இருப்பவர்களுக்கு அது தலைகீழ்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. காணொளி முழுமையானதும் முதற் காட்சியைக் கரைத்தீவிலேயே, அந்தப் பெண்களுக்குக் காட்டவேண்டும். தங்கள் களப்பை மேலிருந்து அவர்களும் பார்க்கட்டும். தங்கள் முற்றம் அதில் இல்லை என்பதையும் பார்க்கட்டும்.