தகுதி என்னும் சொல்

கலைப்பட்டம் பெற்று, கோப்புகளுக்கும் அகராதிகளுக்கும் நடுவே நாற்பது வயதைக் கடந்துவிட்ட நம்மைப் போன்றோர் உயிரியல் பயிலப் புகுவது எதற்காக என்று நேயர்கள் வினவலாம். பதவி உயர்வு இதனால் வாராது. ஆனால் பிற மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகள் பரிணாமத்தையும் சூழலியலையும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ படித்துவிட்டு, ஐயத்தை மட்டும் தமிழில் கேட்கின்றனர். விடை கூற வேண்டாவா?

அதற்கு வழி இன்று வீட்டிலேயே உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஸ்டீபன் ஸ்டேர்ன்ஸ் 2009ஆம் ஆண்டில் இவ்விரு துறைகளையும் விலங்குகளின் நடத்தையையும் பற்றி நிகழ்த்திய 36 விரிவுரைகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பேச்சின் எழுத்து வடிவமும் உடன் உண்டு. அயல்நாட்டு உச்சரிப்பு பிடிபடாதோர்க்கு அது பெருந்துணை. நம் நாட்டிலும் 2017இல் தொடங்கப்பெற்ற 'ஸ்வயம்' தளம் இருக்கிறது.

கலை மாணவர் கணக்கைக் கண்டு அஞ்சுவர். மெய்யாக இடறச் செய்வது கணக்கன்று. நன்கு தெரிந்ததாக நாம் எண்ணும் சொல். 'ஃபிட்னஸ்' என்பதைத் தகுதி என்று பெயர்க்கிறோம். தகுதி என்றதும் மனம் வலிமை, மேன்மை, ஒழுக்கம், ஏன், நேர்முகத் தேர்வு வரையிற் சென்றுவிடுகிறது. உயிரியலார் இவற்றுள் ஒன்றையும் கருதுவதில்லை. ஓர் உயிர், தன் இனத்தின் பிறவற்றோடு ஒப்பிட, எத்துணை வழித்தோன்றல்களை அடுத்த தலைமுறைக்கு விட்டுச் செல்கிறது என்பதே அவர்தம் அளவுகோல். அதுவும் குறித்த ஓரிடத்தில், குறித்த ஒரு காலத்தில்.

காலபாகஸ் தீவுக்கூட்டத்தில் டாப்னி மேஜர் என்றொரு சிறு தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் அங்குள்ள குருவிகளைப் பிடித்து, அலகை அளந்து, வளையமிட்டு விட்டு வந்தனர். 1977இல் மழை பொய்த்தது. சிறிய, மென்மையான விதைகள் தீர்ந்தன. எஞ்சியவற்றுள் நம் நெருஞ்சிக்கு உறவான ஒரு செடியின் முட்காயும் ஒன்று. பருத்த அலகுடையவை அதனை உடைத்துண்டன. மற்றவற்றுள் பெரும்பாலானவை மாண்டன. அலகின் பருமன் பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்கு வருவதாகையால், அடுத்த தலைமுறையின் சராசரி அலகு பருத்தது. 1982–83இல் பெருமழை பெய்து சிறு விதைகள் மலிந்தன. பின்வந்த வறண்ட ஆண்டுகளில் சிற்றலகுக் குருவிகளே மிகுதியாகப் பிழைத்தன! இவற்றுள் தகுதி உடையது எது? இயற்கைத் தேர்வு என்கிறோம். தேர்ந்தெடுப்பார் எவரும் அங்கில்லை.

'தகுதியுடையனவே பிழைக்கும்' என்னும் தொடர் 1859இல் வெளிவந்த டார்வினின் நூலில் இல்லை. 1864இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் படைத்தது அது. 1869ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில்தான் டார்வின் அதனை ஏற்றார். வறியவன் வறியவனாயிருப்பது இயற்கையின் தீர்ப்பு என்று சாதித்தோர்க்கு இத்தொடர் கருவியாயிற்று. ஆகவே, மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள எங்களுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. எங்கள் கருத்தில் 'பொருத்தம்' மேல். பொருத்தம் என்றாலே, எதனோடு என்னும் வினா உடன் எழும். திருமணப் பொருத்தம் நினைவுக்கு வருமே எனலாம். வழித்தோன்றல் பற்றிய கணக்காதலின் அதுவும் பெரும் பிழையன்று.

சூழலியற் பகுதிக்கு வரின், எடுத்துக்காட்டு தெருவோரத்திலேயே நிற்கிறது. தில்லி ரிட்ஜ் காட்டில் மண்டியுள்ள 'விலாயதி கீக்கர்' மரத்தை இராமநாதபுரத்தார் பார்த்தவுடன் சீமைக் கருவேலம் என்பர். விலாயதி, சீமை: இரு மொழியும் அயலது என்றே சொல்லின. அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலங்களினின்று வந்த மரம் இது. வேர் ஆழச் செல்லும். வெட்டிய அடி மீண்டும் துளிர்க்கும். கால்நடைகள் தழையை விரும்பா. இனிப்பான காயைத் தின்று, சாணத்தின் வழியே விதையைப் பரப்பும். ஆரவல்லியில் இயல்பாக வளரும் தௌ மரத்தினும் இது சிறந்ததா என்று கேட்பதில் பொருளில்லை. மேய்ச்சலும் வறட்சியும் வெட்டும் மிகுந்த நிலத்திற்கு இது பொருந்தியது, அவ்வளவே. தில்லியின் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவில் இதன் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட்டு, அடியில் நாட்டு மரக்கன்றுகளை வளர்த்து வருகின்றனர். குஜராத்தில் வாழும் நேயர்கள் கட்சின் பன்னிப் புல்வெளியிலும் இதனைக் காணலாம். அங்கே இதன் பெயர் 'காண்டோ பாவள்', அதாவது பைத்தியக்காரக் கருவேலம்.