பட்டம் ஏற்றுவோரின் ஓராண்டு



சிறிய உருவில் விமானங்களைச் செய்து பறக்கவிடும் கழகங்கள் மேலை நாடுகளிற் பல உள. அக்கழகத்தார் ஓராண்டை எவ்வாறு கழிக்கின்றனர் என்று நோக்கினால், பறக்கவிடும் நாட்கள் சிலவாகவும், அறுத்தும் ஒட்டியும் பழுதுபார்த்தும் இருக்கும் நாட்கள் பலவாகவும் இருக்கக் காண்போம். இவ்விலங்கைத் தீவிலே அத்தகைய ஆண்டுவட்டத்தை நெடுங்காலமாக வாழ்ந்து வருவோர் பட்டம் ஏற்றுவோராவர். அவர்தம் ஓராண்டைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

பட்டத்தையும் விமானத்தையும் ஒரே மூச்சிற் பேசலாமோ என்று சிலர் ஐயுறக்கூடும். 1804ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் ஜோர்ஜ் கெய்லி என்பார் சிறியதொரு மிதவை விமானம் செய்தபோது, ஒரு கோலின்மேல் காகிதப் பட்டத்தையே சிறகாகப் பொருத்தினார். பின்புறத்தே அசையக்கூடிய வாலொன்றை அமைத்தார். 1893இல் அவுஸ்திரேலியாவில் லோறன்ஸ் ஹார்கிரேவ் பெட்டிப் பட்டத்தை அமைத்தார். மறு ஆண்டிலே அத்தகைய நான்கு பட்டங்களைத் தொடுத்து, தம்மையே 16 அடி உயரத்துக்குத் தூக்கச் செய்தார். ரைட் சகோதரர்கள் 1903இல் விமானத்திற் பறக்குமுன், 1899இல் ஒரு பட்டத்தை ஏற்றியே சிறகை முறுக்கித் திசை திருப்பும் முறையைச் சோதித்தனர். ஆகவே பட்டத்தை விமானத்தின் மூத்த உறவு என்று சொல்வதிற் பிழையில்லை.

இனி ஆண்டுவட்டத்துக்கு வருவோம். நம் பட்டக்காரரின் நாட்காட்டியை எழுதுவது காற்று. மே மாதந் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசுகின்றது. அக்காலத்தே கொழும்பின் காலிமுகத் திடலிலே பட்டங்கள் நிறைந்து விளங்கும். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் அமைத்த அத்திடலுக்கு மேற்கே கடலன்றி வேறு தடையில்லை. எனவே அங்கு வருங் காற்றுச் சீராக வருகின்றது. ஒக்டோபர், நவம்பரில் இடியும் மழையும் மிகும். பட்டங்கள் பரணுக்குச் செல்லும். பின்னர் வடகீழ்க் காற்றாகிய வாடை எழும்போது, ஆட்டம் வடக்கே பெயர்கின்றது. வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் நாளன்று நடைபெறும் பட்டப்போட்டியைக் காண ஆயிரக்கணக்கானோர் திரளுகின்றனர். போர் 2009இல் முடிந்தபின் அது நாடறிந்த பெருவிழாவாக வளர்ந்துள்ளது. தெற்கே கடற்கரை ஓய்ந்திருக்க, வடக்கே வானம் விழித்திருக்கும். இவ்வாறு ஒரு சிறு தீவின் இரு கரைகளும் முறைவைத்துக் காற்றைப் பகிர்ந்துகொள்கின்றன.

அடுத்து மார்ச்சு, ஏப்ரல் மாதங்கள் வரும். காற்று மெலிந்து, புழுக்கம் மிகும். காண்போர்க்கு அது வெறுங்காலம். கைவினைஞர்க்கோ அதுவே விளைச்சற் காலம். முற்றிய மூங்கிலைப் பிளந்து, சீவி, நிழலிற் காய வைத்தல் வேண்டும். சீவிய சலாகையை நடுவிலே விரல்மேல் நிறுத்திப் பார்ப்பர். ஒருபுறஞ் சாய்ந்தால் அப்புறத்தை மீண்டுஞ் சீவுவர். இந்த நிறை ஒப்பாமற் போனால், எத்துணை அழகிய தாள் ஒட்டினும் பட்டம் ஒருபக்கமாகச் சுழன்று விழும். கொக்கு, பிராந்து, எட்டுமூலை, படலம் என எவ்வுருவாயினும் விதி ஒன்றே.

இவ்வினையில் மிக நுண்ணியது முச்சை கட்டுதல். பட்டத்தையும் நூலையும் இணைக்கும் அக்கயிறுகளின் அளவே, பட்டம் காற்றை எவ்வளவு சாய்ந்து எதிர்கொள்ளும் என்பதைத் தீர்மானிக்கின்றது. காற்று வலிதாயின் முடிச்சை மேலே ஏற்றிச் சாய்வைக் குறைப்பர். மெலிதாயின் கீழே இறக்கிச் சாய்வைக் கூட்டுவர். விமானப் பொறியியல் மாணவர் கணக்கால் அறிவதை, பத்து வயதுச் சிறுவன் முடிச்சை ஒரு விரற்கடை நகர்த்தி அறிந்துகொள்கின்றான். பட்டத்தின் தலையிலே வில்லாக வளைத்துக் கட்டும் விண் காற்றில் அதிர்ந்து ஒலிக்கும்போது, அவ்வொலியின் ஏற்றத்தாழ்வைக் கொண்டே மேற்காற்றின் வலுவை அவன் அளந்துவிடுவான்.

காற்றின் வலுவை எளிதாக எண்ணுதலாகாது. காற்றின் வேகம் இருமடங்கானால், அது பட்டத்தை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். 2021 டிசம்பரிலே பருத்தித்துறைப் பகுதியிற் பெரும் பட்டமொன்றைப் பலர் சேர்ந்து ஏற்றியபோது, கயிற்றை விடாதிருந்த ஒருவர் பல அடி உயரத்துக்குத் தூக்கப்பட்டார். அவர் உயிர் தப்பியது நற்பேறு. மின்கம்பியருகே ஏற்றுதலும், விமான நிலையத்தின் அண்டையில் ஏற்றுதலும், உலோக நூலைக் கையாளுதலும் ஒருபோதுஞ் செய்யத்தகாதன. சிக்கிய பட்டத்துக்காக மின்கம்பத்தில் ஏறுதல் உயிரை விலை கூறுதலாகும்.

இங்கேதான் மாளிகாவத்தை போன்ற பகுதிகளை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடல் அண்மையில் இருந்தும், தொடர்மாடிகளுக்கும் கூரைகளுக்கும் மேலாக வருங் காற்று உடைந்து சுழன்றே அங்கு வந்து சேர்கின்றது. கம்பிகளும் சுவர்களும் நெருங்கிய ஒழுங்கையிலே பிள்ளைக்கு மிஞ்சுவது மொட்டைமாடி. அதுவோ ஆபத்தான இடம். கடையில் வாங்கிய பொலித்தீன் பட்டம் அங்கே சிறிது நேரம் துடித்துவிட்டுக் கம்பியில் தொங்குகின்றது. பிள்ளைக்கு ஒரு பொருள் கிடைத்து, அதுவும் போயிற்று, அறிவொன்றுங் கிடைக்கவில்லை. எந்தச் சலாகை கனத்தது, எந்த முடிச்சுத் தவறியது என்று ஆராயும் வாய்ப்பு, தன் கையாற் செய்தவனுக்கே உரியது. பெரியோர் கைகளிலுள்ள இவ்வறிவு எந்த ஏட்டிலும் முழுமையாக எழுதப்பட்டதன்று. அடுத்த கைக்கு மாறாவிடின் அது அவர்களோடு அற்றுப்போகும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. காற்று ஓய்ந்த மார்ச்சு, ஏப்ரல் மாதங்களிலே, பள்ளிக்கூடத்தின் ஓர் அறையோ சனசமூக நிலையத்தின் ஒரு மேசையோ போதும். சிறிது மூங்கில், தாள், கோதுமை மாப் பசை, கைதேர்ந்த பெரியவர் ஒருவர், பொறுமையுள்ள பிள்ளைகள் பதின்மர் இருந்தால் ஒரு கழகம் தோன்றிவிடும். சோளகம் எழுந்ததும் பெரியோர் துணையோடு அவர்களைக் காலிமுகத் திடலுக்கு அழைத்துச் செல்லலாம். ஆண்பிள்ளைக்கென்று மட்டும் இக்கலையை ஒதுக்குவதற்கும் காரணம் எதுவுமில்லை.

அன்று முதலிற் சில பட்டங்கள் விழும். விழுந்ததை எடுத்து, முச்சையைத் திருத்தி, மறுபடியும் ஏற்றும் பழக்கமே இவ்விளையாட்டு நம் பிள்ளைகளுக்குத் தரக்கூடிய பெரும் பேறாகும். வானம் எல்லோர்க்கும் பொது. அதனை எட்டும் வழியைத் தரையிலேயே கற்றுக்கொடுப்பது நம் கடன்.