பங்குச் சந்தைச் செய்தி: மூலமும் உரையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் ஒருவனுக்குப் பங்குச் சந்தையைப் பற்றிப் பேச யாது உரிமை என்று தாங்கள் வினவலாம். பொருளை இழந்தவன் என்னும் உரிமை ஒன்றே எனக்கு உண்டு. அதனை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

சில ஆண்டுகட்கு முன், என் மகளின் கல்லூரிப் படிப்பிற்கென வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து ஒரு நிறுவனத்தின் பங்குகளை வாங்கினேன். ஓர் இணையதளத்தில் அப்பங்கின் பெயருக்கு எதிரே ஈவுத்தொகை விகிதம் நூற்றுக்கு 11 என்று கண்டிருந்தது. வங்கி வைப்பிற்கு அதில் ஏறக்குறைய பாதியே கிடைத்த காலம் அது. கண்டவுடன் மயங்கினேன். மறு ஆண்டில் வந்த ஈவோ நூற்றுக்கு 2. விலையும் இறங்கிற்று, கட்டணம் செலுத்தும் நாள் வந்தமையால் நட்டத்திற்கே விற்றேன். என் மனைவி ஒன்றும் கூறவில்லை. அதுவே எனக்குப் பெருந் தண்டனையாயிற்று.

அவ்விணையதளம் பொய் கூறிற்றோ எனில், இல்லை. 200 ரூபாய்ப் பங்கிற்கு அவ்வாண்டு 22 ரூபாய் ஈவு கொடுத்தது மெய்யே. ஆனால் அதில் 18 ரூபாய், நிலம் ஒன்றை விற்ற பணத்திலிருந்து ஒருமுறை மட்டும் அளித்த சிறப்பு ஈவு. இச்செய்தி அந்நிறுவனம் பங்குச் சந்தைக்கு அனுப்பிய அறிவிப்பில் இரண்டு வரியிற் கிடந்தது. யான் உரையைப் படித்தேனேயன்றி மூலத்தைப் பார்த்திலேன். நூலில் இப்பிழையைச் செய்யும் மாணாக்கனை யான் எவ்வளவு கடிந்திருப்பேன்!

மூலம் யாண்டுளது? 1875-இல் தோன்றிய மும்பைப் பங்குச் சந்தை, 1994-இல் வாணிகம் தொடங்கிய தேசியப் பங்குச் சந்தை ஆகிய இரண்டின் இணையதளங்களிலும் உளது. அவற்றில் ஒவ்வொரு நிறுவனத்தின் பெயரின்கீழும் அதன் அறிவிப்புகள் அடுக்கப்பட்டுள்ளன. படிப்பதற்குக் காசில்லை. காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் வரவுசெலவு முடிவினையும், ஆண்டு முடிவினை 60 நாட்களுக்குள்ளும் நிறுவனங்கள் அளித்தல் வேண்டும் என்பது செபியின் விதி. நிறுவியோர் தம் பங்கை அடகு வைத்தனரா என்பதையும் ஆண்டே காணலாம். அதனைக் காணாது பங்கு வாங்குதல், வில்லங்கம் பாராது வீடு வாங்குதல் போல்வதாம்.

மணிகன்ட்ரோல், ஸ்க்ரீனர் முதலிய தளங்கள் வேண்டா என்பது என் கருத்தன்று. பல ஆண்டுக் கணக்கை ஒரே பக்கத்தில் தொகுத்துத் தருதல் பேருதவி. ஆயினும் ஒரே பங்கின் விலைக்கும் இலாபத்திற்கும் உள்ள விகிதத்தை ஒரு தளம் 18 என்னும், மற்றொன்று 24 என்னும். ஒன்று நிறுவனத்தின் தனிக் கணக்கைக் கொண்டிருக்கும். மற்றொன்று துணை நிறுவனங்களையும் சேர்த்த கணக்கைக் கொண்டிருக்கும். ஒன்று கடந்த நான்கு காலாண்டுகளை எண்ணும். மற்றொன்று முடிந்துபோன நிதியாண்டை எண்ணும். இவை பாடபேதம் போல்வன. உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கிச் சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தார். நமக்கு அத்துணை உழைப்பு வேண்டா. தாம் அறிந்த ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கையில் வைத்து, மூன்று எண்களை ஒவ்வொரு தளத்திலும் ஒத்துப்பாருங்கள். எண் எங்கிருந்து வந்தது, எந்நாளுக்கு உரியது என்று சொல்லாத தளத்தை அன்றே விட்டுவிடலாம்.

நாள் என்றேன். அமெரிக்காவில் நிகழ்ந்ததொன்றைக் கேளுங்கள். யுனைடெட் விமான நிறுவனம் 2002-இல் திவால் மனுக் கொடுத்தது, பின்பு மீண்டது. அப்பழஞ்செய்தி 2008 செப்டம்பர் 8-ஆம் நாள், ஒரு நாளிதழின் இணையதளத்தில் தேதியின்றித் தலைகாட்டிற்று. தேடுபொறி அதனைப் புதிதென எடுத்துக்கொண்டது. வாணிகர்களின் திரைகளிலும் அது ஏறிற்று. 12 டாலரளவில் நின்ற பங்கு சில நிமிடங்களில் 3 டாலருக்கு வீழ்ந்தது. வாணிகத்தை நிறுத்தி உண்மை தெரிவித்தபின், அன்று மாலைக்குள் 11 டாலரை யொட்டி ஏறிற்று. இடையில் அஞ்சி விற்றவர் பணம் திரும்பிற்றா? அவர்கள் படித்தது மெய்ச் செய்திதான். ஆறாண்டுப் பழையது, அவ்வளவே.

மூலமும் பொய்க்கும் என்பதனையும் மறைத்தல் ஆகாது. சத்யம் நிறுவனத்தின் தலைவர், இல்லாத பணத்தைக் கணக்கிற் காட்டிவந்ததாக 2009 சனவரி 7-ஆம் நாள் தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். தணிக்கையாளர் கையொப்பம் இட்ட கணக்கே அது. ஆதலின் ஒரே பங்கில் முழுப் பணத்தையும் இடற்க.

நொடிக்கு நொடி விலை காட்டுவோம், சந்தா கட்டுக என்று அழைப்போர் பலர். பத்தாண்டு வைத்திருக்க வாங்குவோனுக்கு நொடி எதற்கு? வாட்ஸாப்பிலும் டெலிகிராமிலும் இன்ன பங்கை வாங்குக என்போரிடம், செபி தந்த பதிவெண்ணைக் கேளுங்கள், ஆய்வாளர்க்கு ஐ.என்.ஹெச். என்றும் ஆலோசகர்க்கு ஐ.என்.ஏ. என்றும் அது தொடங்கும். சொன்ன எண்ணைச் செபியின் தளத்திலும் சரிபாருங்கள். பதிவு இலாபத்திற்கு உறுதியன்று. ஆயினும் பதிவுமில்லாதவன் ஓடினால் எங்கே தேடுவது?

அடுத்த ஞாயிறு காலையில் நம் சங்க நூலகத்துக் கணினியின் முன் யான் இருப்பேன். தம்மிடம் உள்ள பங்குகளின் பெயரை எழுதிக்கொண்டு வருவோர் வரலாம். அறிவிப்புகளை உடனிருந்து படிப்போம். எதை வாங்கலாம் என்று மட்டும் என்னைக் கேளாதீர்கள். எனக்குப் பதிவெண் இல்லை.