கீரையில் மறைந்திருந்த மருந்து



இலையில் கீரை மசியலைக் கண்டதும் முகஞ்சுளிப்போர் நம்மில் பலர். அக்கீரையில் உறையும் ஓர் உயிர்ச்சத்தின் வரலாற்றையே இன்று கூற விழைகிறேன். ‘பி’ வகையைச் சார்ந்த அதற்கு ஃபோலிக் அமிலம் என்பது பெயர். ‘ஃபோலியம்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு இலை என்பதே பொருள்.

1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் உழைத்த பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுஞ்சோகையால் வாடினர். உணவிலே ஏதோ குறை என்று உய்த்துணர்ந்த அம்மையார், ஈஸ்ட் சாற்றை உண்ணக் கொடுத்தார், சோகை நீங்கியது. ஆயினும் அச்சாற்றில் உள்ள பொருள் யாதென விளங்கவில்லை. 1941-இல் அமெரிக்க அறிஞர்கள் நான்கு டன் கீரையைப் பக்குவப்படுத்தி, அதனைச் சிறிதளவு பிரித்தெடுத்துப் பெயரும் சூட்டினர்.

அதனைச் செயற்கையாக ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். இளமையில் ‘ஸ்ப்ரூ’ என்னும் குடல்நோய்க்கு உடன்பிறந்தார் இருவரைப் பறிகொடுத்தவர் அவர். 1945-இல் அவருடைய குழுவினர் வெற்றி கண்டனர். அந்த ஃபோலிக் அமிலமே ஸ்ப்ரூ நோய்க்கும் மருந்தாயிற்று!

இச்சத்தின் வேலை என்ன? உடலின் உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிய இது வேண்டும். எலும்பு மஜ்ஜையில் நொடிதோறும் ஏறத்தாழ இருபது இலட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. இச்சத்துக் குறைந்தால் அணுக்கள் பருக்குமேயன்றிப் பிரியமாட்டா. சோகை வந்து சேரும். கருவிலுள்ள குழந்தையின் மூளையும் தண்டுவடமும் தோன்றும் குழல், முதல் இருபத்தெட்டு நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. தாய் தான் கருவுற்றதை அறியுமுன்னரே அது நடந்தேறிவிடுகிறது! ஆகவேதான் கருவுறுவதற்கு முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளுமாறு மருத்துவர் கூறுகின்றனர்.

கீரை, பருப்பு, பயறு, ஆரஞ்சு ஆகியவற்றில் இச்சத்து உண்டு. ஆனால் இது நீரில் கரைவது, வெப்பத்தில் அழிவது. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுவோமாயின், சத்தின் பெரும்பகுதியையும் உடன் கொட்டியவராவோம். அளவாக நீர் விட்டு, விரைவில் வேகவைத்து, அந்நீரோடு உண்பதே அறிவுடைமை.

நான்கு டன் கீரையில் அறிஞர் தேடிய பொருள், நாளை உங்கள் இலையிலும் இருக்கும். அதனை ஒதுக்காதீர்கள்!